சேர்ந்து செய்ததும் மறைத்துச் செய்ததும்

1966-ல் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் கூட்டாக ஒரு கணினியை உருவாக்கின. டிரான்சிஸ்டர்களால் ஆன அந்த இயந்திரத்துக்கு ஐஎஸ்ஐஜேயு-1 என்று பெயர். தனியாள் யாரும் கட்டியதல்ல அது. சுதேசி எழுச்சியின்போது 1906-ல் தோன்றிய தேசியக் கல்வி மன்றம்தான் இந்தப் பல்கலைக்கழகத்தின் வேர். சேர்ந்து கற்பதும் சேர்ந்து செய்வதும் அந்த வளாகத்துக்குப் புதிதல்ல. அப்படியிருக்க, அங்கே கோடிங் போட்டி நடக்கும்போது அறைத்தோழனுக்குத் தன் விடையை அனுப்பும் மாணவன் மட்டும் ஏன் குற்றவாளி ஆகிறான்?

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஹாஸ்டலில் இரவெல்லாம் உட்கார்ந்து ஜூனியருக்கு டைனமிக் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கும் சீனியரை ஊரே மெச்சும். மறுநாள் போட்டி நேரத்தில் அதையே செய்தால் தடை. கொடுப்பவனின் மனம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் போட்டியில் இழப்பவர் ஒருவர் இருக்கிறார். தரவரிசையில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்கியாக வேண்டும். சிலிகுரியிலோ மதுரையிலோ தனியாக உட்கார்ந்து அதே கணக்கோடு மல்லுக்கட்டியவளின் இடத்தை எடுத்துத்தான் அவன் நண்பனுக்குத் தருகிறான். தன்னிடமிருந்து எதுவும் போகாத இந்தக் கொடைக்குத் தாராளம் என்று பெயர் வைப்பது அநியாயம். வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகள் ரேட்டிங்கையும் பார்க்கும் காலத்தில், அவள் இழந்தது வெறும் எண் அல்ல.

கூட்டு வேலை கூடாது என்று இந்த விளையாட்டு சொல்லவே இல்லை. கல்லூரி மாணவர் அணிகளுக்கான சர்வதேச நிரலெழுதும் போட்டியான ஐசிபிசியில் மூன்று பேர் ஓர் அணி. மூவருக்கும் ஒரே கணினி. 5 மணி நேரம். உலக இறுதிச் சுற்றுக்கு 25 பக்கக் குறிப்புகள்கூடக் கொண்டுபோகலாம். யார் யாரோடு சேர்ந்தார், கையில் என்ன வைத்திருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லா அணிக்கும் அதே அளவு. ஐஎஸ்ஐஜேயு-1 யார் யாருடைய உழைப்பு என்பதிலும் ஒளிவுமறைவு இல்லை. போட்டி முடியுமுன் டெலிகிராமில் கைமாறும் விடையை வாங்கியவனோ, அதைத் தன்னுடையது என்று சொல்லித்தான் சமர்ப்பிக்கிறான்.

செயற்கை நுண்ணறிவையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும். 2025 செப்டம்பரில் பாகூவில் நடந்த ஐசிபிசி உலக இறுதிச் சுற்றின் 12 கணக்குகளையும் ஓபன்ஏஐ நிறுவனத்தின் மாதிரிகள் தீர்த்துவிட்டன. முதலிடம் பெற்ற மாணவர் அணி தீர்த்தது 11. இனி அறையிலிருந்து எழுதும் போட்டியில் எழுதியது யார் என்று அறிய எழுதியவரின் சொல்லைத்தான் நம்ப வேண்டும். எனவே ஜாதவ்பூரின் ஸ்ரிஜன் போன்ற மாணவர் விழாக்களில் முதல் சுற்றை இணையத்தில் நடத்தினாலும், பரிசைத் தீர்மானிக்கும் சுற்றை லேபில், கண்ணெதிரே நடத்துவது நடத்துபவர்களின் கடமை. செயற்கை நுண்ணறிவுக்கு மாதச் சந்தா கட்ட முடிந்தவனும் முடியாதவனும் அங்கேதான் சமமாக உட்கார்கிறார்கள்.

கடுமையை மட்டும் கேட்பது பாதி நியாயம். ஒத்த நிரல்களைக் கண்டுபிடிக்க உலகெங்கும் பயன்படும் மாஸ் கருவியை 1994-ல் உருவாக்கியவர் அலெக்ஸ் ஐகன். ஒற்றுமையைக் காட்டுவதே அதன் வேலை. அது காப்பிதானா என்று பார்த்துத் தீர்மானிப்பது மனிதர் பொறுப்பு என்று அக்கருவியின் விளக்கமே சொல்கிறது. பத்து வரியில் முடியும் எளிய கணக்குக்கு, ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே மாதிரி விடை எழுதுவது இயல்பு. செக்மென்ட் ட்ரீ என்ற தரவுக் கட்டமைப்புக்கான நிரலை ஒரே பாடத்தளத்திலிருந்து எடுத்து வைத்திருப்பவர்களின் விடைகளும் பெரும்பகுதி பொருந்தும். கருவி தந்த பட்டியலில் பெயர் வந்ததும் ஒருவரை நீக்குவது காப்பியடிப்பதற்குக் குறைந்த தவறல்ல. அழைத்து, எழுதியதை வரிவரியாக விளக்கச் சொல்லலாம். பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை மறுக்கும் போட்டிக்கு நேர்மையைப் பற்றிப் பேச உரிமை இல்லை.

கொடுத்தவரையும் வாங்கியவரையும் ஒன்றாகத் தண்டிப்பது கோட்செஃப், கோட்ஃபோர்ஸஸ் போன்ற போட்டித் தளங்களின் வழக்கம். தெரிந்தே கொடுத்தவர் விஷயத்தில் அது சரிதான். ஆனால் லேபில் கணினியை மூடாமல் எழுந்துபோய், விடையைப் பறிகொடுத்தவளும் அதே பட்டியலில்தான் வருவாள். யார் முதலில் சமர்ப்பித்தார், அதற்குமுன் எத்தனை முறை தவறாக முயன்றார் என்ற பதிவெல்லாம் நடத்துபவர்கள் கையிலேயே இருக்கிறது. பரிசளிப்பை ஒரு நாள் தள்ளிப்போட்டாவது அதைப் பார்த்த பிறகே அவளைப் பற்றி முடிவெடுக்க வேண்டும்.