வாரும் நீதியும்

மாடு வண்டி இழுக்கும்; அறிவோம். குதிரை இழுக்கும், கண்டிருக்கிறோம். நாயுமா இழுக்கும் என்று கேட்பீர்கள். இழுத்தது! பெல்ஜியம் நாட்டிலே, பிளாண்டர்ஸ் பகுதியிலே, பித்தளைப் பால்குடங்கள் ஏற்றிய சிறு வண்டியைத் தெருத்தெருவாக இழுத்துச் சென்றது நாய்தான். குதிரை வாங்கப் பொருளில்லாத பால்காரிக்கு அதுவே குதிரை. 1914-ல் போர் மூண்டபோது, பெல்ஜியப் படையினர் இயந்திரத் துப்பாக்கி வண்டியிலே பூட்டியதும் நாயைத்தான். பால் இழுத்த உயிர், போரையும் இழுத்தது!

வாயில்லா உயிரின்மீது வார் பூட்டுகிறோமே, எந்த உரிமையால்?

முதலில் வாரையே பார்ப்போம். நாயை வண்டியில் பூட்டுவது கழுத்திலே கயிறு மாட்டுவதன்று. இழுவிசை தொண்டையில் விழுந்தால் மூச்சு நெரியும். அகன்ற பட்டை மார்பெலும்பின்மீது படியவேண்டும். தோள்கள் தடையின்றி அசையவேண்டும். பாரத்தைச் சக்கரம் தாங்கவேண்டுமேயன்றி முதுகு தாங்கலாகாது. எலும்பு முற்றாத குட்டியைப் பூட்டலாகாது. பெரிய இன நாய்க்கு அதற்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். குதிரையைப்போல் உடலெல்லாம் வியர்த்து வெப்பம் தணிக்க நாயால் இயலாது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே தணித்துக்கொள்ளும். எனவே கொதிக்கும் வெயிலில் ஓட்டுவது கொடுமை. வாரை அவிழ்த்தபின், மயிர் தேய்ந்திருக்கிறதா, தோல் சிவந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கவேண்டும்.

இவையனைத்தும் உணர்த்துவது ஒன்றே. தேவை நம்முடையது, அளவோ அதனுடையது! வண்டிக்கேற்ப நாயை வளைப்பதன்று, நாய்க்கேற்ப வாரை வெட்டுவதே முறை. அதுவே வாரின் அறம்.

“நாய் விரும்பித்தானே இழுக்கிறது? வாரைக் கண்டதும் வாலாட்டுகிறதே!” என்பார் உண்டு. ஆம், ஆட்டும். அடித்த கையைக் கண்டும் ஆட்டும்! அன்பு வேறு, இசைவு வேறு. ‘மாட்டேன்’ என்று சொல்லக்கூடியவன் ‘சரி’ என்றால்தான் அது இசைவு. மறுக்கத் தெரியாத உயிரின் மகிழ்ச்சியை ஒப்பந்தச் சீட்டாக்குவது எளிது, நேர்மையன்று. மறுக்க முடியாததிடம் வேலை வாங்குகிறவன், அதன் சார்பில் தானே மறுத்துப் பேசவும் கடமைப்பட்டவன்.

அவன் பேசாதபோது சட்டம் பேசவேண்டும். பேசிற்று! இங்கிலாந்தில் 1839-ல் இயற்றப்பட்ட சட்டம், 1840 தொடக்கம் முதல் இலண்டன் மாநகரில் நாய்வண்டியைத் தடுத்தது. 1854-ல் வந்த சட்டம் அத்தடையை நாடெங்கும் விரித்தது. நன்று! பாராட்டுவோம்!

ஆனால், தலைநகரின் தெருவிலே நாயின் வார் அவிழ்ந்த அதே 1840-ல், அந்நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்களிலே நடந்ததென்ன? இடுப்பிலே வார், கால்களுக்கிடையே சங்கிலி. கரி வண்டியை இருளிலே தவழ்ந்து இழுத்தன மனிதக் குழந்தைகள்! 1842-ல் விசாரணைக் குழுவின் அறிக்கை படங்களோடு வெளிவந்து நாட்டை உலுக்கிய பிறகே, பெண்களையும் பத்து வயது நிரம்பாத சிறுவர்களையும் சுரங்கத்தினடியில் வேலை வாங்குவது தடுக்கப்பட்டது. நாயின் துன்பம் தெருவில் நடந்தது, கண்ணில் பட்டது. குழந்தையின் துன்பம் நிலத்தடியில் நடந்தது, நெஞ்சில் படவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். ஏழையின் நாய்வண்டிக்கு 1854-ல் தடை. நாய்க்கூட்டத்தை ஏவி நரியைத் துரத்திக் கொல்லும் சீமான்களின் வேட்டைக்கு இங்கிலாந்திலும் வேல்சிலும் தடைச் சட்டம் பிறந்ததோ 2004-ல்! இடையிலே 150 ஆண்டுகள். பிழைப்புக்காக நாயை வருத்தியவனுக்கு அபராதம். பொழுதுபோக்குக்காக நரியை வதைத்தவனுக்கு ஒன்றரை நூற்றாண்டுச் சலுகை! அவிழ்த்துவிட்ட நாய்க்கு நாளை யார் சோறிடுவது, அந்த வண்டியை நாளை யார் இழுப்பது என்ற கேள்விகளுக்கும் நாய்வண்டிச் சட்டத்திலே விடையில்லை.

அப்படியானால் நாய்வண்டித் தடை தவறா? அன்று! நெரித்தவன் ஏழை என்பதால் நெரிபட்ட கழுத்துக்கு வலி குறைவதில்லை. “சுரங்கத்தில் குழந்தை வாடுகையில் நாய்க்கு இரக்கமா?” என்று கேட்பவர், பெரும்பாலும் இரண்டுக்கும் இரங்காதவர். கருணை பிறந்தது குற்றமன்று. ஏழையின் வாசலோடு அது நின்றுவிட்டதே குற்றம். தெருவுக்கு வந்த கருணை சுரங்கத்துக்குள் இறங்கியிருக்கவேண்டும். மாளிகைப் படிகளிலும் ஏறியிருக்கவேண்டும்.

வார் தைப்பவன் இழுக்கும் உடலை அளக்கிறான்; அளவு தப்பினால் புண் காட்டிக்கொடுத்துவிடும். சட்டம் தைப்பவர்க்கும் அதுவே இலக்கணம். எவன் எளியவனோ அவன் கழுத்தை மட்டும் அளந்து தைத்த சட்டம், நாயின் தொண்டையை நெரிக்கும் வாரைப் போன்றதே. இரண்டையும் அவிழ்த்து, அளந்து, மீண்டும் தைக்கத்தான் வேண்டும்!