வீட்டை விட்டுப் போற பெரியவங்க எல்லாரும் கைவிடப்பட்டவங்களா?



"பெத்தவங்களைக் கொண்டுபோய் ஹோம்ல விட்டுட்டான்." எங்க தூத்துக்குடியில ஒருத்தனைப் பத்தி இப்படி ஒரு பேச்சு வந்துட்டா போதும், அவன் படிச்ச படிப்பு, சம்பாதிச்ச காசு எதுக்கும் மதிப்பு கிடையாது. அந்தக் கோபத்துல நியாயம் இருக்கு. ஆனா ரெண்டு வேற வேற விஷயத்தை நாம ஒரே வார்த்தையில சொல்லிடுறோம்.

ஒண்ணு, ஆதரவில்லாதவங்களுக்கான முதியோர் இல்லம். 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, கவனிக்காத பிள்ளைகிட்ட மாதாந்திரத் தொகை கேட்டு பெற்றோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வசதியில்லாத முதியவர்களுக்காக மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படி, மாநில அரசு அமைக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இன்னொண்ணு, சொந்தக் காசு கொடுத்துப் போகிற மூத்தோர் குடியிருப்பு. கோயம்புத்தூரைச் சுத்தி இது நிறைய வந்திருக்கு. வீட்டை விலைக்கு வாங்கலாம், இல்லேன்னா நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்கலாம். பராமரிப்புக்கும் சாப்பாட்டுக்கும் மாசாமாசம் கட்டணம். தடுக்குற படி இருக்காது. பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி, கட்டில் பக்கத்துல அவசர மணி, பொதுச் சமையல்கூடம், சின்னதா ஒரு கோயில். அமெரிக்காவுல அரிசோனா பாலைவனத்துல 1960-ல் சன் சிட்டி என்று பெரியவங்களுக்கான ஒரு ஊரே திறந்தார்கள். அங்கே கோல்ஃப் மைதானம், இங்கே கோயில்!

சரி, இங்கெல்லாம் யார் போறாங்க? எனக்குத் தெரிஞ்சு நாலு வகை.

முதல் வகை, குவார்ட்டர்ஸ்லயே வாழ்ந்தவங்க. இது நம்ம ஊர்க்காரங்களுக்கு உடனே புரியும். 1974-ல் தூத்துக்குடி பெருந்துறைமுகம் ஆச்சு. துறைமுகக் குடியிருப்பு, தெர்மல் நகர், ஸ்பிக் நகர் என்று எத்தனை குடும்பங்கள் முப்பது வருஷம் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பிள்ளையார் கோயில், ஒரே கூட்டாளிகள் என்று வாழ்ந்தாங்க! ரிட்டயர் ஆனதும் சாவியைக் கொடுத்துட்டு யாரையும் தெரியாத ஒரு தெருவுல வீடு கட்டிக் குடியேறணும். அவங்களுக்கு மூத்தோர் குடியிருப்பு என்பது தொலைஞ்சுபோன குவார்ட்டர்ஸ் திரும்பக் கிடைச்ச மாதிரி.

ரெண்டாவது, பிள்ளைகள் தூரத்துல இருக்கிறவங்க. கப்பல்ல வேலை பார்க்கிற பையன் நடுக்கடல்ல இருந்து நினைச்சாலும் வர முடியாது. வளைகுடாவுல இருக்கிறவனும், என்னை மாதிரி ஐடி வேலைக்கு வெளியூர் போனவனும் வந்து சேரவும் நேரமாகும். அந்தப் பெற்றோருக்குப் பாசத்துல குறை இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலிச்சா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஆள் இல்லை. அதுதான் குறை.

மூணாவது வகையைப் பத்தி யாரும் பேசுறதில்லை. நாப்பது வருஷம் அடுப்படியில நின்ன அம்மாக்கள். "நாளைக்கு என்ன குழம்பு?"ங்கிற கேள்வியில இருந்து விடுதலை வேணும்னு அவங்க நினைச்சா அது பாவமா? பிள்ளையில்லாத தம்பதிகளும் கல்யாணமே பண்ணிக்காதவங்களும் கூட இப்படித்தான், தாங்களாகவே முடிவெடுத்துப் போறாங்க.

நாலாவது வகை, "உங்களுக்குப் பாரமா இருக்க வேண்டாம், சரிப்பா" என்று சொல்லிட்டுப் போறவங்க. அதே வீடு, அதே சாப்பாடு, அதே அவசர மணி. ஆனா உள்ளுக்குள்ள ஒரு காயம். வெளியில இருந்து பார்த்தா மத்த மூணு வகைக்கும் இவங்களுக்கும் வித்தியாசமே தெரியாது. தர்மசங்கடம் இங்கதான் இருக்கு.

வயசானவங்க சேர்ந்து வாழ்றது நமக்குப் புதுசும் இல்லை. கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர்ல பாருங்க. எங்கெங்கிருந்தோ வந்த தாத்தாக்களும் ஆச்சிகளும் பாயை விரிச்சு, முன்பின் தெரியாதவங்களோட ஆறு நாள் விரதம் இருக்காங்க. அவங்க முகத்துல வர்ற சந்தோஷம் வீட்டு வராண்டாவுல தனியா உக்காந்திருக்கும்போது வருதா?

எங்க வீட்டுலயும் இந்தப் பேச்சு ஓடிக்கிட்டிருக்கு. துறைமுகத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆன அப்பாவுக்குக் கோவை போக ஆசை. "மருதமலை பக்கத்துலதானே" என்கிறார். அம்மாவோ, "செவ்வாய்க்கிழமை ஆனா நான் பஸ் ஏறி செந்தூர் போகணும்" என்கிறாள். ரெண்டு பேருமே கடைசியில "உன் இஷ்டம்ப்பா" என்று என்னைப் பார்க்கிறாங்க. பணம் கட்டப்போறவன் நான் என்பதால முடிவும் என்னுடையது ஆகிடுமா? ஆகக்கூடாது. அதனால "உன் இஷ்டம்"ங்கிறதை ஒரு பதிலா எடுத்துக்கிறதில்லைன்னு வச்சிருக்கேன்.

சாஃப்ட்வேர் வேலையில எந்த மாற்றம் செஞ்சாலும், சரிவரலேன்னா பழைய நிலைக்குத் திரும்ப ஒரு வழி வச்சுக்கிட்டுத்தான் செய்வோம். இதுக்கும் அது பொருந்தும். ஊர்ல இருக்கிற வீட்டை உடனே விக்காம, மூணு மாசம் தங்கிப் பார்த்துட்டுத் திரும்பி வர வழி இருந்தா, அந்த "சரி"க்கு மதிப்பு உண்டு. திரும்பி வர வீடே இல்லேன்னா, அது சம்மதமா?

மாம்பழம் கிடைக்காத கோபத்துல நம்ம முருகன் பழனிக்குப் போனார். அது அவரா எடுத்த முடிவு. அப்பன் ஈசனும் அம்மை பார்வதியும் "போனா போகட்டும்" என்று கயிலையிலேயே உக்காந்திருக்கலை. பிள்ளை இருந்த இடத்தைத் தேடி வந்தாங்க. விலகிப் போனது அங்கே குற்றம் ஆகலை. தேடிப் போகாம இருந்திருந்தா அதுதான் குற்றம் ஆகியிருக்கும். இன்னைக்கு மலை ஏறுறது பெத்தவங்க, தேடிப் போக வேண்டியது நாம.

அதனால அன்பர்களே, யாரையாவது "ஹோம்ல விட்டுட்டான்"னு சொல்றதுக்கு முன்னாடி, முடிவெடுத்தது யார்னு கேளுங்க. உங்க வீட்டுல இந்தப் பேச்சு வந்தா, அப்பாகிட்டயும் அம்மாகிட்டயும் தனித்தனியா உக்காந்து கேளுங்க. ரெண்டு பேரோட பதிலும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்லை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!