வரலைன்னா யார் தேடுவா?

கல்லூரி மாணவர்களை ஈர்க்கச் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தலாமா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. பயன்படுத்தியே ஆகணும் என்று முடிவாகிவிட்டது. பல்கலைக்கழக இந்து மன்றங்களிலும் செமஸ்டர் தொடங்கினால் முதல் வேலை போஸ்டர், அடுத்த வேலை ரீல்ஸ். என் கேள்வி வேறு. ஒருவரை ஈர்ப்பது என்றால் என்ன? அவர் கண்ணை ஒரு நிமிடம் திரையில் நிறுத்துவதா, அவரை நம்மில் ஒருவராகச் சேர்த்துக்கொள்வதா?

நான் பொறியியல் மாணவன். கட்டுப்பாட்டு அமைப்புகளைப் பற்றிப் படிக்கும்போது ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும்: இயந்திரம் எதை அளக்கிறதோ அதைத்தான் சரிசெய்யும். ஒரு மண்டபத்தில் ஏர்கான் காற்று நேராக வந்து விழும் இடத்தில் சென்சாரை வைத்துப் பாருங்கள். சென்சார் குளிர்ந்ததும் இயந்திரம் தன் வேலை முடிந்தது என்று நின்றுவிடும். பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வியர்த்துக் கொட்டும். இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை. அளந்த இடம்தான் தப்பு.

லைக், பார்வை, ஃபாலோவர் எண்ணிக்கை எல்லாம் நாம் அப்படித் தப்பான இடத்தில் வைத்த சென்சார்கள். எண்ணிக்கை ஏறியதும் நமக்குத் திருப்தி வந்துவிடுகிறது. பின்வரிசை மாணவனின் நிலை அதில் தெரிவதே இல்லை.

மெய்நிகர் உலகங்களின் கதையும் இதையே சொல்கிறது. செகண்ட் லைஃப் 2003-இல் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பல பல்கலைக்கழகங்கள் அதற்குள் தீவு வாங்கி, அழகான கட்டடங்களும் அரங்குகளும் கட்டின. கொஞ்ச காலத்தில் பல தீவுகள் ஆளில்லாமல் கிடந்தன. 2020 மே மாதம் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நடந்தது வேறு. பெருந்தொற்றால் வளாகம் மூடியிருந்த நேரத்தில், மாணவர்களே கூடி மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் தங்கள் வளாகத்தைக் கட்டி எழுப்பினார்கள். அதற்குள்ளேயே ஒரு பட்டமளிப்பு விழாவும் நடத்தினார்கள். பல்கலைக்கழகத் தலைவரும் அங்கே வந்து பேசினார்.

இரண்டும் மெய்நிகர் உலகம்தான். தொழில்நுட்பத்தை மட்டும் வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது என்று நினைக்கிறேன். ஓரிடத்தில் மாணவன் பார்வையாளன். அவன் வராவிட்டாலும் கட்டடம் அப்படியே இருக்கும். இன்னோரிடத்தில் அவனே கொத்தனார். அவன் ஒருநாள் வரலைன்னா ஒரு சுவர் பாதியில் நிற்கும், கூட இருப்பவன் "எங்கடா போன?" என்று தேடுவான்.

இதனால் நேரில் சந்திப்பதே உயர்வு, திரை எல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. கோலாலம்பூரில் படிப்பவர் நினைத்தால் வாரா வாரம் மன்றத்துக்குப் போகலாம். சபாவில், நம்மவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருக்கும் வளாகத்தில் படிப்பவருக்கு வாட்ஸ்அப் குழுதான் மன்றம். கூட்டத்தில் வாய் திறக்காத தம்பி, தங்கைகள் டிஸ்கார்டில் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அந்த உறவும் உண்மையான உறவுதான். அதேபோல, ஒரே மண்டபத்தில் நூறு பேர் உட்கார்ந்திருந்தும் ஒருவரை ஒருவர் தெரியாமல் கலைந்து போவதும் உண்டு.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது வகுப்பு, பூஜை, திருமுறைப் பயிற்சி எல்லாமே திரைக்குள் போயின. பெயர் மட்டும் தெரியும் கறுப்புக் கட்டங்களைப் பார்த்து எத்தனை பேர் "வந்திருக்கிறார்கள்" என்று எண்ண முடிந்தது. அந்தக் கட்டத்துக்குப் பின்னால் இருப்பவர் பசியாறினாரா, அவர் அப்பாவுக்கு வேலை இருக்கா என்பது, தனியாகப் போன் போட்டுக் கேட்டால்தான் தெரிந்தது.

"நோக்கம் நல்லதுதானே, எந்த வழியில் இழுத்தால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. முடிவே இல்லாமல் கீழே ஓடிக்கொண்டே இருக்கும் திரையை 2006-இல் வடிவமைத்தவர் ஆசா ராஸ்கின். அதன் விளைவைப் பார்த்துப் பின்னாளில் அவரே வெளிப்படையாக வருந்தினார். அழைப்பது வேறு, பிடித்து வைப்பது வேறு. சுவையான காணொளி போட்டு "வாங்க" என்று சொன்னால், வருவதும் வராததும் அவர் முடிவு. விடாமல் அறிவிப்பு அனுப்பி, ஒருநாள் தவறினால் புள்ளி போய்விடும் என்று பயம் காட்டினால், அந்த முடிவை அவரிடமிருந்து நாம் பறிக்கிறோம். புள்ளி போகக்கூடாது என்பதற்காகவே ஒருவர் தேவாரம் பாடினால், அவருக்கு நாம் கற்றுக்கொடுத்தது தேவாரமா, புள்ளியா?

ஆகவே என் யோசனை எளிமையானது. இருநூறு பேர் உள்ள குழு இருக்கட்டும், அறிவிப்புக்கு அது போதும். அதோடு பத்துப் பத்துப் பேராகச் சின்னக் குழுக்களும் வைப்போம், ஒவ்வொன்றுக்கும் ஓர் அண்ணன் அல்லது அக்கா பொறுப்பு. முதலாமாண்டு மாணவர்களைப் பார்க்க மட்டும் விடாமல் காணொளி எடுக்க, டிஸ்கார்ட் நடத்த, மைன்கிராஃப்டில் கோயில் கட்ட விடுவோம். மாதக் கூட்டத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வாசிப்பதற்கு முன்னால், இந்த மாதம் யாரைக் காணோம், யார் அவரிடம் பேசினீர்கள் என்று கேட்போம்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தால், திரையில் கூடினாலும் மண்டபத்தில் கூடினாலும் அது மன்றம்தான். முடியவில்லை என்றால், ஆயிரம் ஃபாலோவர் இருந்தும் நம்மிடம் இருப்பது ஒரு எண் மட்டுமே. யோசிச்சுப் பாருங்க, நண்பர்களே.