முப்பத்தொன்பது ஆண்டு நோன்பு

கொள்கைக்காக உயிரைக் கொடுப்பது பெரிய தவம். கொடுத்தவர் போன பிறகு, உயிரோடு இருந்துகொண்டே அவர்மீது கொண்ட அன்பைக் காத்து வருவது அதைவிடக் கடினமான தவம். அயர்லாந்தின் கிரேஸ் கிஃபர்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் உறுதிப்படுகிறது.

1916. அயர்லாந்து பிரிட்டிஷ் பேரரசின் பிடியில் இருந்தது. கிரேஸ் கேலிச்சித்திரக்காரர். அவர் மணக்கவிருந்த ஜோசப் பிளங்கெட் கவிஞர், இறைநாட்டம் மிகுந்தவர், காசநோயாளி. ஆயுதக் கிளர்ச்சிக்குத் திட்டம் தீட்டியவர்களில் முதன்மையானவரும் அவரே. ஈஸ்டர் ஞாயிறன்று திருமணம் என்று பேசி வைத்திருந்தார்கள், நடக்கவில்லை. மறுநாள், ஏப்ரல் 24 அன்று, டப்ளினில் கிளர்ச்சி வெடித்தது. கழுத்தில் அறுவைச் சிகிச்சை செய்த கட்டோடு ஜோசப் தலைமை அஞ்சலகத்தில் போய் நின்றார். ஒரு வாரம் முடியுமுன்னே சரணடைய வேண்டியதாயிற்று. ஜோசப்புக்கு மரண தண்டனை விதித்தார்கள்.

மே 3 அன்று கிரேஸ் நகைக்கடைக்குப் போய் மோதிரம் வாங்கினார். அன்று விடியற்காலையில்தான் அவருடைய அக்காள் கணவர் தாமஸ் மக்டோனாவை அதே கிளர்ச்சிக்காகச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். இரவு கில்மைனம் சிறையின் சிற்றாலயத்தில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் திருமணம். ஜோசப்பின் கைவிலங்கைக் கழற்றினார்கள். சடங்கு முடிந்ததும் மறுபடி பூட்டினார்கள். சிப்பாய்களே சாட்சி. பின்னிரவில் ஜோசப்பின் அறையில் பத்து நிமிடம் சந்திக்க விட்டார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே நின்றார். சொல்ல எவ்வளவோ இருந்தும் இருவருக்கும் பேச்சு வரவில்லை.

விடிந்தபோது ஜோசப் இல்லை. அவருக்கு வயது 28.

அந்த மௌனத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். வேண்டுதல் முற்றிய இடத்தில் வாய் அடங்கிவிடும் என்பது வழிபாட்டில் தோய்ந்தவர்களுக்குத் தெரியும். இனிக் கேட்டுப் பெற ஒன்றுமில்லை. நாளை என்பதே இல்லை. எதையும் எதிர்பார்க்காமல் ஒருவர் முன் ஒருவர் இருந்தார்கள். அதிகாரம் நேரத்தை அளந்தது. அதனால் அளக்க முடிந்ததும் அது ஒன்றைத்தான்.

உலகம் இந்த இரவோடு நின்றுவிடுகிறது. 1985இல் 'கிரேஸ்' என்ற பாட்டு வந்தது. அயர்லாந்தில் இன்றும் பாடுகிறார்கள். அதுவும் இந்த இரவைத்தான் பாடுகிறது. எனக்கோ அதற்குப் பிறகு வந்த நாட்கள்தாம் பெரிதாகத் தெரிகின்றன. ஜோசப் எழுதிய உயிலில் சாட்சி ஒருவர் மட்டுமே கையெழுத்திட்டிருந்ததால் அது சட்டப்படி செல்லவில்லை. படம் வரைந்து கிரேஸ் காலம் தள்ளினார். வேறு மணம் செய்துகொள்ளவில்லை.

1923இல் ஒரு சோதனை வந்தது. பிரிட்டனோடு செய்துகொண்ட உடன்படிக்கையை ஏற்பதா என்று நாடு பிளந்து, உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. உடன்படிக்கையை எதிர்த்த கிரேஸைப் புதிய ஐரிஷ் அரசு சிறைப்பிடித்து அதே கில்மைனத்தில் அடைத்தது. கணவரைக் கொன்ற வளாகம். பூட்டியவர்கள் இப்போது அந்நியரும் அல்லர், சொந்த நாட்டவர். நெஞ்சு கசந்து போவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அங்கே தன் அறைச் சுவரில் அவர் குழந்தை இயேசுவை ஏந்திய மரியாளை வரைந்தார். கேலிச் சித்திரம் வரையப் பழகிய கை அது. அந்தக் கை ஒரு தாயையும் பிள்ளையையும் சுவரில் கொண்டுவந்த வேளையில், அவர் உள்ளம் எத்தனை ஆழத்தில் நங்கூரமிட்டிருக்க வேண்டும்! கொள்கையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை, கோபமும் இருந்திருக்கும். ஆயினும் கசப்பிடம் தன்னை ஒப்படைத்துவிடாத ஒரு மூலை அவருக்குள் இருந்தது. பேரரசாலும் சரி, அதன் இடத்துக்கு வந்த அரசாலும் சரி, அந்த மூலைக்குள் நுழைய முடியவில்லை.

1955 டிசம்பர் 13 அன்று கிரேஸ் காலமானார். சிதைந்துபோன அவருடைய சுவரோவியத்தை 1960களில் மீண்டும் வரைந்து காத்தார்கள். கில்மைனம் இப்போது அருங்காட்சியகம். டப்ளினுக்குப் போகிறவர்கள் திருமணம் நடந்த சிற்றாலயத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். அந்தச் சிறையறையின் முன்பும் சற்று நேரம் நில்லுங்கள்.