பொய்ப்பல்லும் மெய்யன்பும்

"போகிற வயதில் பல்லுக் கட்டுவது வீண் ஆசையல்லவா?" என்று முதியோர் பலர் கேட்கின்றனர். அடியேன் அவ்வாறு கருதவில்லை. உடம்பை இறைவன் உறையும் ஆலயமாகக் கண்டவர் திருமூலர். மேற்பல்லும் கீழிதழும் பொருந்தவே வகரம் பிறக்கும் என்பது தமிழிலக்கணம். பல்லிழந்த வாயில் திருவைந்தெழுத்தின் வகரமே தடுமாறுகின்றது. கந்தபுராண படனத்தில் அழகாகப் பயன் சொன்னவர்கள் சிலர் இதனாலேயே ஒதுங்கிவிட்டனர். இறைவனுக்குக் குழறலும் விளங்கும். கேட்டிருக்கும் பிள்ளைகளுக்கு விளங்க வேண்டுமே!

கட்டுப்பல் முதற் சில வாரங்கள் உறுத்தும், பேச்சும் கொன்னும். தினமும் தேவாரத்தை உரத்துப் படித்தால் நாக்குப் பழகிவிடும். இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் இடல் வேண்டும். காலப்போக்கில் முரசு சுருங்க அது தளரும். திரும்பவும் வைத்தியரிடம் காட்டுக. கட்ட வசதியோ விருப்பமோ இல்லாதவர்கள் பல்லின்றியே படனத்திற்கு வரலாம். சற்று நிறுத்திச் சொல்லுங்கள், காத்திருந்து கேட்போம்.