இருளும் அடிவானமும்

“என் உள்ளம் உறுதியாகச் சொல்கிறது, அது பொய்யாகாது” என்று நாம் அடிக்கடி கூறிக்கொள்கிறோம். உறுதியாக உணரப்படுவதெல்லாம் உண்மைதானா? இவ்வினாவுக்கு, இரவில் விமானம் ஓட்டப் பயில்வோரின் அனுபவம் தெளிவானதொரு விடையைத் தருகிறது எனலாம்.

நிலவற்ற இரவில் கடல்மேல் பறக்கும் விமானிக்கு வானும் நீரும் ஒரே கருமை. அடிவானம் மறைந்தபின் எஞ்சுவது உடலின் உணர்வே, அதுவோ ஏமாற்றும். உட்செவியின் அரைவட்டக் குழல்களில் உள்ள நீர், தலை திரும்பத் தொடங்குகையில் பின்தங்கி, அத்திருப்பத்தை நமக்கு அறிவிக்கிறது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டேயிருந்தால், ஏறத்தாழ 20 வினாடிகளில் அந்நீரும் உடன் சுழலத் தொடங்கும். நேராகச் செல்வதாகவே தோன்றும். அந்நிலையில் விமானத்தை மெய்யாகவே நேராக்கினால், எதிர்ப்புறம் திரும்புவதாக உடல் முறையிடும். அதை நம்பியவன் பழைய சாய்வுக்கே மீள்கிறான். விமானம் சுழன்றவாறே கீழிறங்குகிறது. 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார், கருவிப் பயிற்சியற்ற 20 பேரை வெளிப்பார்வையை மறைத்துப் பறக்கச் செய்தனர். அனைவரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்குச் சராசரியாக 178 வினாடிகளே ஆயின.

ஆனால் 1929 செப்டம்பர் 24 அன்றே, நியூயார்க்கை அடுத்த மிச்சல் திடலில் ஜேம்ஸ் டூலிட்டில் மூடிய கூட்டுக்குள் அமர்ந்து, கருவிகளை மட்டும் பார்த்து மேலெழும்பித் தரையிறங்கிக் காட்டியிருந்தார். செயற்கை அடிவானம் என்னும் கருவி அவருக்கு மறைந்த கோட்டைத் திருப்பித் தந்தது.

பயிற்சி பெற்றபின்னும் பொய்யுணர்வு நீங்குவதில்லை என்பதே நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தேர்ந்த விமானிக்கும் உடல் அதையே சொல்லும். அவன் அதைக் கேட்டுக்கொண்டே, அதற்கு மாறாகக் கையை இயக்குகிறான். சினத்திலும் பொறாமையிலும் நாம் ஏன் இதைச் செய்ய இயலாது? உணர்வு அடங்கட்டும், பிறகு நேர்மையாய் நடப்போம் என்று காத்திருப்பதன்றோ நம் வழக்கம்!

ஆயினும் ஒரு சிக்கல் உண்டு. கருவியும் பொய்க்கலாம். 1978 சனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’ கடலில் வீழ்ந்து 213 பேர் மாண்டனர். தலைமை விமானியின் செயற்கை அடிவானம் பழுதுற்றது. பிற கருவிகளைக் கொண்டு நிலைமையை மீட்கத் தவறினர் என்பது இந்திய விசாரணையின் முடிவு. ஆகவே, உணர்வைத் துறந்து ஏதோவொன்றைக் கண்மூடி நம்புவதும் விடையாகாது. நம்மிற் சிலர் தம் கருத்துக்கு இசையும் ஒரே நண்பரிடம் மட்டுமே கலந்தாலோசிப்பர். பிணக்குற்ற தம்பியிடமோ, முகத்துக்கு நேரே மறுத்துப் பேசும் மனைவியிடமோ கேட்கமாட்டார்கள்.

விமானப் பயிற்சியில் இதற்கும் இடமுண்டு. மாணவன் செயற்கை அடிவானத்தில் நன்கு பழகியபின், ஆசிரியர் அதையே ஒரு வில்லையால் மூடிவிடுகிறார். உயரமானி, வேகமானி, திருப்பங்காட்டி, திசைகாட்டி ஆகியவற்றை மாறிமாறி நோக்கி, ஒன்று கூறுவதை மற்றொன்றால் சோதித்தவாறே அவன் பறந்தாக வேண்டும்.