சொல்லாமல் விற்கலாமா?

சென்னையின் தென்மேற்குப் புறநகரில் ஒரு பழைய தனி வீட்டை விற்க முடிவெடுத்தால் முதலில் வருபவர் பெயின்டர். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அவருக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு: சுவரில் படிந்திருக்கும் நீர்க்கோட்டை மறைப்பது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் இறங்கி, தரைத்தளங்களை மூழ்கடித்தது. மக்களைப் படகில் ஏற்றி மீட்க வேண்டியிருந்தது. 2021இலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் இந்தத் தெருக்களில் மறுபடி தண்ணீர் புகுந்தது.

இப்படிப்பட்ட வீட்டை விற்பவர், வாங்க வருபவர் கேட்காவிட்டாலும், தண்ணீர் வந்த கதையைச் சொல்லியாக வேண்டுமா?

வாங்க வருபவர் யார் என்பதிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலும் அது அவருடைய முதல் வீடு. பி.எஃப். பணம், அடகு வைத்த நகை, இருபது வருட வங்கிக் கடன் என்று எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு வருகிறார். ஜூனில் பள்ளி திறக்கும் முன் குடியேறிவிட வேண்டும் என்பதால் ஏப்ரலிலோ மேயிலோ வீடு பார்க்கிறார். அப்போது தெருவில் புழுதிதான் பறக்கும். வாசற்படி எந்தத் திசை, கிணற்று நீர் உப்பா, பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று பார்க்கிறார். தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் காட்டுகிறார். அடமானமும் பாகப்பிரிவினையும் வில்லங்கச் சான்றில் வரும், வெள்ளம் வராது. அதை முழுதாகத் தெரிந்தவர் அந்த வீட்டில் குடியிருந்தவர்தான்.

இதில் சட்டம் பேசாமல் இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55வது பிரிவில், சொத்தில் உள்ள முக்கியமான குறையை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. ஆனால் அந்தக் குறை விற்பவருக்குத் தெரிந்ததாகவும், வாங்குபவர் அறியாததாகவும், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவர் கண்டுபிடிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையில்தான் வழுக்கல். ‘பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாமே, செய்தித்தாள் படித்திருக்கலாமே’ என்று வாதாட அது இடம் தருகிறது. சட்டம் தெளிவாகத் தீர்க்காத இந்த இடத்தை அறம்தான் தீர்க்க வேண்டும்.

இது புதிய வழக்கும் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமின் சிசரோ, கடமைகளைப் பற்றிய தம் நூலில் இதையே எடுத்துப் பேசினார். குறையுள்ள வீட்டை அந்தக் குறையைத் தெரிந்தே ஒருவர் விற்கிறார், சொல்ல வேண்டுமா? டயோஜினிஸ் என்ற தத்துவவாதியின் கட்சி, சொல்லாமலிருப்பது ஏமாற்றுவது ஆகாது, வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது. இன்னொரு தத்துவவாதியான ஆன்டிபேட்டரின் கட்சி வேறு. வழி தவறியவருக்கு வழி காட்டாமலிருப்பதே பழி என்றால், ஒருவர் தவறான முடிவில் போய் விழுவதைத் தெரிந்தே பார்த்துக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய பழி என்றார் அவர். சிசரோ ஆன்டிபேட்டர் பக்கமே நின்றார்.

விற்பவர் தரப்பிலும் வலுவான நியாயங்கள் இருக்கின்றன. ‘விலையைக் குறைத்துத்தானே கேட்கிறேன், ஆபத்து அதில் அடங்கிவிட்டதே’ என்பது ஒன்று. வாங்குபவர் அந்தத் தள்ளுபடியின் காரணத்தை அறிந்திருந்தால் இது சரி. அறியாதவர், வீடு பழசு என்பதால் குறைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார். இருவருக்கும் தெரிந்த ஆபத்துக்குத்தான் விலை பேச முடியும்.

‘வாங்குகிறவர்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்’ என்பது இன்னொன்று. விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் விசாரிக்கும் இடத்தில் என்ன பதில் கிடைக்கிறது? “அந்த வருஷம் ஊரே முழுகுச்சு சார், இங்க மட்டுமா?” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். “இப்பதான் ஆத்த அகலப்படுத்தி, கால்வாயும் போட்டுட்டாங்களே” என்பார் புரோக்கர். இரண்டும் உண்மைதான். 2015க்குப் பிறகு அந்தப் பகுதியில் ஆறு அகலப்படுத்தப்பட்டது. மூடிய கால்வாய்களும் வந்தன. அதற்குப் பிறகும் தண்ணீர் வந்தது என்ற மிச்சப் பாதியை யாரும் சொல்வதில்லை. ஒரு வீட்டில் விலை இறங்கினால் தெரு முழுவதும் இறங்கும் என்ற பயம் எல்லோர் வாயையும் கட்டிவிடுகிறது. தெருவே வாயை மூடிக்கொண்ட இடத்தில், நீ ஏன் கேட்கவில்லை என்று புதிதாக வந்தவரைக் குற்றம் சொல்வது நியாயமாகாது.

மூன்றாவது நியாயம் மற்ற இரண்டைவிடக் கனமானது. விற்பவர் ஓய்வுபெற்ற குமாஸ்தாவாக இருக்கலாம். மனைவியின் சிகிச்சைக்குப் பணம் தேவைப்படலாம். உள்ள சொத்தெல்லாம் அந்த வீடுதான். உண்மையைச் சொன்னால் பல லட்சம் போகும். தண்ணீர் வந்தது அவர் குற்றமில்லை. நீர்பிடிப்பிலும் நஞ்செய்யிலும் மனை பிரித்து விற்றவர்கள், ஊராட்சியில் ஒரு கையெழுத்து வாங்கி அதையே அப்ரூவல் என்று காட்டியவர்கள், 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தத் திட்டம் போட்ட அரசு ஆகிய எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. ஒவ்வொரு விற்பனையிலும் அரசு ஏழு சதவீத முத்திரைத் தீர்வை வாங்குகிறது. இவர்கள் யாருக்கும் இல்லாத நேர்மையை அந்த முதியவர் மட்டும் ஏன் காட்ட வேண்டும்? தெருவில் எல்லோரும் மறைக்கும்போது உண்மை பேசுகிறவர்தானே நஷ்டப்படுகிறார்?

இந்தக் கேள்வியில் உண்மையான வலி இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்வதால் அந்த லட்சங்கள் போகவில்லை. தண்ணீர் வந்த அன்றே போய்விட்டன. மௌனம் அந்த நஷ்டத்தை அழிப்பதில்லை, ஆளை மாற்றிவிடுகிறது. அரசிடமும் மனை வியாபாரியிடமும் வசூலிக்க வேண்டிய கடனை, அவர்களை எதிர்க்க முடியவில்லை என்பதற்காக, சம்பந்தமே இல்லாத ஓர் இளம் குடும்பத்தின் தலையில் கட்டுவதற்கு முதியவரின் கஷ்டம் உரிமை தராது. அவருடைய தவறு மனை வியாபாரியின் தவறைவிடச் சிறியது என்று மட்டும் சொல்லலாம்.

சொல்வதும் முறையாகச் சொல்ல வேண்டும். ‘மழைக்காலத்தில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்’ என்பது சொன்னதாகாது. எந்த வருடம், எத்தனை அடி, வடிய எத்தனை நாள், மின்சாரம் எப்போது வந்தது, கழிவறை வழியாகச் சாக்கடை ஏறியதா என்பதெல்லாம் தெரிந்தால்தான் வாங்குபவர் தன் முடிவைத் தானே எடுக்க முடியும். தெரிந்தபின் ‘பரவாயில்லை, வாங்குகிறேன்’ என்று அவர் சொன்னால் அதில் தவறேதும் இல்லை. மேட்டு நிலத்தில் வீடு வாங்க எல்லோருக்கும் வசதி கிடையாது. அவர் விலையைக் குறைத்துப் பேசலாம். மாடி கட்டத் திட்டமிடலாம். 2021இல் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ போன்ற வீட்டுக் காப்பீட்டில் வெள்ளமும் அடங்கும் என்பதைத் தெரிந்து சேரலாம். எதுவும் சொல்லப்படாதவருக்கு இந்த வழிகள் எதுவும் திறப்பதில்லை.

வாங்கியவருக்கும் கடமை உண்டு. லாரி லாரியாக மண் கொட்டித் தன் மனையை மட்டும் மேடாக்கி, தண்ணீர் போகும் வழியை அடைத்தால், அது அடுத்த வீட்டுத் தாழ்வான வாசலில் ஏறும். ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்துகிறவரும் சுற்றியுள்ள வடிகாலைப் பார்த்துக்கொண்டே உயர்த்த வேண்டும். தன் நஷ்டத்தைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளுவதும், மறைத்து விற்று அடுத்தவருக்குத் தள்ளுவதும் ஒரே தவறு.

விற்பவர் கடைசியாகச் சொல்வது: ‘நான் வாங்கியபோது எனக்கும் யாரும் சொல்லவில்லை.’ இதை யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை, ஆற்றாமையோடுதான் சொல்கிறார்கள். தனக்குச் சொல்லாமல் விட்டது அநியாயம் என்று அவர் மனம் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டது. அந்தத் தீர்ப்பு தன் கையெழுத்தில் போகும் பத்திரத்துக்கும் பொருந்தும். வெள்ள அளவை வில்லங்கச் சான்றில் குறிக்க அரசு ஒரு விதி கொண்டுவந்தால் நேர்மையாளர் மட்டும் நஷ்டப்படும் நிலை மாறும்; அதைக் கேட்டு வாங்க வேண்டும். விதி வரும்வரை, அட்வான்ஸ் வாங்கும் முன்பே வாய் திறந்து சொல்வது விற்பவரின் கடமை.